பக்குரங்காக் குளம் உறைந்த விபரம்

பக்குரங்கா,
ஆக்லாந்து.
யூலை 1996, செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகன் நிமலன் அறிய மகேசன் மாமா எழுதிக்கொள்வது,

உன் வீட்டு ஹீற்றரின் தயவாலும் முருகனின் தயவாலும் நானும் மாமியும் சுகமாக இருக்கிறோம். நீயும் பிள்ளை ராகவியும் ரொறன்ரோ வெயிலில் கறுக்காமலும் கலியாணவீட்டுப் பலகாரத்தில் கொழுக்காமலும் இருக்க அதே முருகனை வேண்டுகிறேன். வாசித்து முடிந்ததும் இந்தக் கடிதத்தைக் குணரத்தினத்திடமும் கொடு. நீங்கள் அவன் வீட்டில் தங்கியிருப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. என் சகலன் என்ற முறையில் அவன் தெரிந்துகொள்ள வேண்டிய விசயங்கள் இதற்குள் உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னவன். ஏர்போர்ட்டில் நீ பெட்டியைத் தராசில் தூக்கி வைக்கும்போது, "தம்பி, இந்தமுறை குளிர் வாற விதம் சரியில்லை, உன்ரை குளம் கல்லாகப் போகுது" என்று நான் சொல்ல, நீ, "மாமா, ஆக்லாந்திலை குளம் உறையாது, நீங்கள் மீனுக்குச் சாப்பாட்டை மட்டும் அளவாப் போட்டால் காணும்" என்று சிரித்தாய். ராகவியும் சிரித்தாள். தராசடியில் நின்ற பெண்ணுக்குத் தமிழே தெரியாது, அவளும் சிரித்தாள். சரி. இப்போது கேள். குளம் உறைந்தது. கரையிலிருந்து கரைவரை, ஒரு விரல் வைக்க இடமில்லாமல் உறைந்தது. ஜெரால்ட் போய்விட்டது. ரெலிபோனில் சொல்லத்தான் இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் உன் குரலைக் கேட்டதும் கலியாணத்துக்கு எந்த ஊர் மேளம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெரால்ட் யாரென்று குணரத்தினம் கேட்பான். அவனுக்காக எழுதுகிறேன், நீ பொறுத்துக்கொள். இந்த வீட்டை உனக்கு விற்ற மிஸிஸ் டோரீனின் புருசன் பெயர் ஜெரால்ட். பின்வளவுக் குளத்தைத் தன் கையால் வெட்டிக் கல் பதித்தவர் அவர். அவர் செத்த பிறகு அந்த மனுசி குளத்துத் தங்கமீன்களில் பெரியதுக்குப் புருசனின் பெயரையே வைத்துவிட்டா. ஒரு கையளவு நீளம், செம்மஞ்சள் நிறம், முதுகில் ஒரு வெள்ளை மறு. வீட்டை விற்கும்போது உன்னைவிடக் கூட விலை சொல்ல ஆட்கள் நின்றார்கள். ஆனால் நீ குளத்தடியில் வைத்து அவவின் கையைப் பிடித்து, மீன்களை நான் பார்ப்பேன், நீங்கள் விரும்பின நேரம் வந்து பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்தாய். அந்த வாக்குக்குத்தான் வீடு உனக்கு வந்தது. அன்றிலிருந்து பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்திலிருந்து ஞாயிறு பின்னேரம் தவறாமல் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, குளத்தடிக் கதிரையில் இருந்து ஜெரால்டோடு கதைத்துவிட்டுப் போவா. அந்தக் கிழமை இல்லத்தில் என்ன சூப், யாருக்கு முழங்கால் வருத்தம், யாருடைய மகன் வந்து பார்க்கவில்லை, எல்லாம் சொல்லுவா. "மனுசன் உயிரோடை இருக்கேக்கை இவ்வளவு நேரம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்குமோ?" என்று மாமி என்னைக் கேட்பாள். ஆக, சாவியோடு சேர்த்து உன் வாக்கையும் என் கையில் தந்துவிட்டுத்தான் நீ விமானம் ஏறினாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் இவ்வளவும் செய்தேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் சுகமாக வந்து இறங்கியதைச் சொல்லக் குணரத்தினம் ரெலிபோன் எடுத்தானே, அன்று தொடங்கியது. சேதி சொல்லி முடிந்ததும் வழக்கம்போலக் குளிர்க் கதைக்கு வந்தான். யூலை மாதம், ஆள் சாரத்தோடு வெளியே நின்று கோழி வாட்டுகிறான், ஆனாலும் போன தை மாதக் குளிரை விடமாட்டான். துப்பினால் நிலத்தில் விழமுன் கட்டியாகுமாம். கார்க் கதவு கையோடு ஒட்டிக்கொண்டு வருமாம். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நிமலன். ஒருவன் தன் குளிரைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்டால் மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? எங்களுடையது ஈரக்குளிர், எலும்புக்குள் குடியிருந்து வாடகை கேட்கும் என்றேன். "குளமும் உறையுமோ, அண்ணை?" என்று கேட்டான். "உறையுமோவோ? மேலை நிண்டு கிளித்தட்டு விளையாடலாம்" என்றேன். உடனே அவன், "அப்ப கவனம் அண்ணை. முழுக்க மூடவிட்டால் கெட்ட காத்து உள்ளுக்கை அடைபட்டு மீனெல்லாம் செத்துப்போம். ஒரு ஓட்டையாவது திறந்து வைச்சிருக்கவேணும்" என்றான். என்னை நம்பித்தான் சொன்னான். அதுதான் கேடு. அவன் நம்பாமல் சிரித்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன்.

மறுநாள் விடிய ஜன்னல் சீலையை விலக்கினால் புல்தரை முழுக்க உப்புத் தூவினது போல உறைபனி. குளம் தண்ணீராகத்தான் கிடந்தது, ஆனாலும் அதன் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று சாமான் வாங்க சான்ட்ரிங்ஹாம் போன இடத்தில், கடைக்குள் செல்வராஜைக் கண்டேன். உனக்குத் தெரியுமே, திருச்சிப் பையன், கம்ப்யூட்டர் வேலை. அவனிடம் நிலைமையைச் சொன்னேன். "அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க, இங்க புல்லு மேலதான் பனி புடிக்கும். குழாய்த் தண்ணியே உறையாது, குளம் எங்க உறையப் போகுது?" என்றான். திருச்சி வெயிலில் பிறந்தவனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெய் ஒரு வாளி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணெய் அப்போது குளத்துக்கென்று வாங்கவில்லை, மாமியின் தலைக்கென்று வாங்கியது.

ஐஸைப் பற்றி எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதாகச் சனம் சொல்லும். படிப்புத்தான் என்னை விட்டது. ஊரில் மீன்பிடித் துறையில் இருந்த ஐஸ் தொழிற்சாலையை நடத்தியவன் நான். குணரத்தினம், "அண்ணை அங்கை வாசலிலை நிண்டு துண்டு கிழிச்சவர்" என்பான். கிழித்தேன்தான். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு கட்டி ஐஸ் வெளியே போனதா என்று அவனிடமே கேள். ஆனால் ஒன்று, ஐஸை ஆக்கும் வழிதான் எனக்குத் தெரியும், தடுக்கும் வழி தெரியாது. ஊரில் அந்த வேலையை வெயில் பார்த்துக்கொண்டது.

முதலில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துச் சருவச்சட்டியில் ஊற்றிக் குளத்தில் மிதக்கவிட்டேன். அது இரண்டு சுற்றுச் சுற்றி, என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தாண்டுபோனது. சட்டி இன்னும் அடியில்தான் கிடக்கிறது, ராகவி மன்னிக்கவேண்டும். பிறகு, ஏதாவது உருண்டையாக மிதந்தால் அலை எழும்பும், அலை எழும்பினால் தண்ணீர் உறையாது என்று கணக்குப் பார்த்து, ஒரு பூசணிக்காயை இறக்கினேன். "கறிக்கெண்டு வைச்ச பூசணியை ஏன் குளிப்பாட்டுறியள்?" என்று மாமி குசினி ஜன்னலால் கேட்டாள். விஞ்ஞானம் என்றேன். "அப்ப இண்டைக்குச் சோத்தோடை விஞ்ஞானத்தைப் பிசைஞ்சு தின்னுங்கோ" என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

சனிக்கிழமை ரேடியோவில் குளிர் இன்னும் கூடும் என்றார்கள். அடுத்தநாள் மிஸிஸ் டோரீன் வரும் நாள். அப்போதுதான் எனக்கு விளக்கு யோசனை வந்தது. நெருப்பு இருக்கிற இடத்தில் பனி இருக்காது, இது ரொறன்ரோக்காரருக்கு இன்னும் எட்டாத அறிவு. ராகவி கார்த்திகை விளக்கீட்டுக்கென்று வைத்திருந்த சிட்டி விளக்குகளை அலுமாரியிலிருந்து எடுத்து, கடையில் இறைச்சி வைத்துத் தரும், தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் தட்டுகளில் ஒவ்வொன்றாக இருத்தினேன். நல்லெண்ணெய் போத்தலின் அடியில் கிடந்தது, காணாது. புது வாளித் தேங்காயெண்ணெயைத் தாச்சியில் உருக்கி, கஞ்சத்தனம் பாராமல் விட்டேன். பொழுதுபடக் கொளுத்தி இறக்கிவிட்டேன் பார், அந்த அழகை நீ கண்டிருக்கவேண்டும். கேணியில் தெப்பத் திருவிழா நடந்தது போல இருந்தது. ஜெரால்ட் மேலே வந்து, ஒவ்வொரு தட்டுக்கும் கீழே நின்று விடுப்புப் பார்த்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி இன்றைக்கு உங்களுக்கு என்ன பெருநாள் என்று கேட்டான். மீனுக்குப் பிறந்தநாள் என்றேன். அவன் நின்று பிறந்தநாள் பாட்டை முழுதாகப் படித்துவிட்டுப் போனான்.

பிறகு காற்று எழும்பியது. ஆக்லாந்துக் காற்று உனக்குத் தெரியும், ஒரு பக்கத்தால் வரும் பழக்கம் அதற்குக் கிடையாது. தட்டுகள் சரிந்தன, விளக்குகள் கவிழ்ந்தன. நான் புதிது கொளுத்தினேன், எண்ணெய் விட்டேன், அதுவும் கவிழ்ந்தது, மறுபடி உருக்கி மறுபடி விட்டேன். "நீங்கள் மீனைக் காப்பாத்துறியளோ பொரிக்கிறியளோ?" என்று மாமி கேட்டாள். வாளியின் அடி தெரிந்த பிறகுதான் உள்ளே போனேன்.

ஞாயிறு விடிய மாமிதான் முதலில் கண்டாள். "இஞ்சாருங்கோ, குளத்தைக் காணேல்லை" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால், குளம் கிடந்த இடத்தில் வெள்ளைப் பாய் விரித்தது போல ஐஸ். நடுவில் பூசணிக்காய் நந்தி மாதிரி இறுகிப்போய் இருக்கிறது. ஓட்டை என்று சொல்ல ஊசி நுழையும் இடமில்லை. இரும்பு அலவாங்கை எடுத்துக் குத்திக் குத்திப் பிளந்து, கட்டி கட்டியாக அள்ளிப் புல்லில் குவித்தேன். இந்த இடத்தைக் குணரத்தினம் கவனமாக வாசிக்கவேண்டும். உங்கள் கனடா ஐஸ் வெயில் பட்டால் உருகிவிடும். எங்களுடையது மத்தியான வெயிலிலும் குவித்தது குவித்தபடி கிடந்தது. பக்கத்து வீட்டு நாய் வேலிக்குள்ளால் நுழைந்து வந்து அதை நக்கி நக்கித் தின்றது. அப்பேர்ப்பட்ட ஐஸ்.

சின்ன மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. அவற்றைக் குளியலறைத் தொட்டிக்கு மாற்றினோம், பிழைத்துவிட்டன. ஜெரால்ட் அடியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கையை விட்டு எடுத்தேன். நான் மீன் தூக்காதவன் இல்லை, துறையில் கூடை கூடையாகத் தூக்கியிருக்கிறேன். ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் போன பிறகு, சாப்பாடு போடப் போகும் நேரங்களில் நானும் அதோடு கதைக்கத் தொடங்கியிருந்தேன். ஐஸ் தொழிற்சாலைக் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டது அது ஒன்றுதான். இடையில் ஒருதரமும் துண்டு கிழித்தவர் என்று சொல்லவில்லை.

கடையில் இதே நிறத்தில் ஒன்று வாங்கிவந்து விட்டால் என்ன என்று மாமி கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே, "புருசனை மாத்தி வைச்சால் பெண்சாதிக்குத் தெரியாமல் போகுமோ?" என்றாள். அதோடு அந்தக் கதை நின்றது.

பின்னேரம் தடிச் சத்தம் கேட்டது. அவ வழக்கமான நீலக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக வந்தா. நான் முன்னால் போய், இரவு பெரிய குளிர், குளம் உறைந்துவிட்டது, அதனால் ஜெரால்ட் இல்லை என்று இங்கிலீசில் சொல்ல ஒழுங்குபண்ணி வைத்திருந்தேன். வாய் திறந்ததும் ஜெரால்ட் இல்லை என்பதுதான் முதலில் வந்துவிட்டது. அவ கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டா. மாமி தேத்தண்ணி போட ஓடினாள். அவ கதிரையில் இருந்துகொண்டு குளத்தைப் பார்த்தா. நாற்பது வருசம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன், இந்தக் குளம் ஒருநாளும் உறைந்ததில்லை என்றா. காலம் கெட்டுப்போச்சு மேடம் என்றேன். புல்லில் கிடந்த ஒரு கட்டியைத் தடி நுனியால் புரட்டிப் பார்த்தா. பிறகு ஜெரால்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டா. ராகவியின் பூப்போட்ட தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். மாமி கண்டுவிட்டு, "விருந்துக்கு வைக்கிற மாதிரியோ கொண்டுபோறது?" என்று தட்டைப் பறித்து, தன்னுடைய வெள்ளைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொடுத்தாள். அவ அதை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்லும் செய்திகளை எல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தா. சூப்புக்கு உப்புக் கூடவாம். புதிதாக வந்த மனுசி இரவில் பாட்டுப் படிக்கிறாவாம். எல்லாம் சொல்லி முடிந்த பிறகுதான் புதைக்கத் தந்தா. எலுமிச்சைக்குக் கீழே புதைத்தோம்.

எட்டாம் நாள் படைத்து எட்டுச் செலவு செய்வோமா என்று யோசித்தேன். "செத்தவர் விரும்பினதை எல்லோ எட்டுக்குச் சமைக்கவேணும், நான் புழுவுக்கு எங்கை போறது?" என்று மாமி கேட்டாள். விட்டுவிட்டேன்.

நிமலன், உன் வாக்கைக் காப்பாற்ற மனுசனால் ஆனதெல்லாம் செய்தேன். இயற்கைக்கு முன்னால் மாமன் என்ன, மருமகன் என்ன. குற்றம் சொல்வதென்றால் பனியைச் சொல். அப்படி எழுதிவிட்டாலும், நீ வந்து படலையைத் திறக்கும்போது நான் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பது என்றுதான் தெரியவில்லை.

கலியாணப் பிள்ளைகள் இருவரும் குளிர் அண்டாத வாழ்வு வாழட்டும். குணரத்தினத்துக்கும் வீட்டாருக்கும் எங்கள் அன்பு. உனக்கும் ராகவிக்கும் முருகன் முன்னும் பின்னும் வருவாராக.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள மாமன்,
க. மகேசன்

பி.கு.: நிமலன், இந்தத் தாள் உனக்கு மட்டும் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்குகிறேன். அது ஐஸ் இல்லை. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட நடந்தபடிதான், ஐஸ் மட்டும் இல்லை. கவிழ்ந்த விளக்கெல்லாம் ஊற்றிய தேங்காயெண்ணெய் குளம் முழுக்கப் பரவி, குளிருக்கு வெள்ளையாக இறுகிவிட்டது. கீழே தண்ணீர் சும்மா தண்ணீராகத்தான் கிடந்தது. மீன்கள் மூச்சு விடாமல் மூடியைப் போட்டவன் நான். ஐஸோடு சீவித்தவனுக்கு அலவாங்கின் முதல் குத்திலேயே தெரியாதா? ஐஸ் உடைந்தால் சத்தம் போடும். இது வெண்ணெய் மாதிரிப் பிளந்தது.

மிஸிஸ் டோரீனுக்கும் தெரியும். கட்டியைத் தடியால் புரட்டினா என்று எழுதினேன், குனிந்து ஒரு துண்டை எடுத்தா என்பதை எழுதவில்லை. இரண்டு விரலுக்குள் வைத்துத் தேய்த்தா. உருகியது. மணந்து பார்த்தா. நிமிர்ந்து என்னைப் பார்த்து, இது ஐஸா என்று கேட்டா. ஓம், ஐஸ் என்றேன். அவ அந்த எண்ணெயை ஒரு புறங்கையிலும் மற்றப் புறங்கையிலும் கிறீம் பூசுவது போல மெதுவாகப் பூசிக்கொண்டு, அப்படியென்றால் நேற்றுச் சரியான குளிராகத்தான் இருந்திருக்கும் என்றா.

குணரத்தினத்துக்கு இவ்வளவு காலமும் சொன்ன பொய்க்கு எனக்கு ஒருநாளும் நித்திரை கெட்டதில்லை. இதற்குக் கெடுகிறது. வருகிற ஞாயிறும் வருவேன், மற்ற மீன்களைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறா. அதற்கு முதல் நான் இல்லத்துக்குப் போய் உண்மையைச் சொல்லவேண்டும். எப்படித் தொடங்குவது என்று மாமியைக் கேட்டேன். "முதல் ரொறன்ரோவுக்குச் சொல்லுங்கோ. அங்கை வெக்கம் விட்டால்தான் இஞ்சை வாய் வரும்" என்றாள்.

ஆகவே இந்தத் தாளையும் அவனிடமே கொடு. குணரத்தினம், கேள். ஆக்லாந்தில் குளம் உறையாது.